பெயர் நீக்கிய பயிர்ப் பட்டியலும், கைபேசிக் குழுவில் அதற்கு உத்தரவு பெறும் முறையும்

பயிர்க் கணக்கு சரியாக இல்லாவிடில் விவசாய அபிவிருத்தி நடைபெறாதென்பது யாவரும் அறிந்ததே. எந்தப் பிர்காவில் எத்தனை ஏக்கர் உளுந்து விதைக்கப்பட்டது, எங்கே மக்காச்சோளத்திற் படைப்புழு கண்டது, எவ்விடத்தில் மழையின்றிப் பருத்தி கருகியது என்னும் விவரங்கள் காலத்திற் கிடைத்தால்தான் விதையும் மருந்தும் காலத்தில் வந்து சேரும். தூத்துக்குடி ஜில்லாவில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் தாலுகாக்களின் கரிசல் நிலங்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையையே நம்பியவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கீழ் நெல்லும் வாழையும் செய்யும் நன்செய்களோ வெள்ளத்திற்கு அஞ்சுபவை. இவ்விரு வகை நிலத்தாருக்கும் கணக்கு எடுப்பவர் கைப்பட்டியலே பல சமயங்களில் ஆதாரமாகும்.

முன்னாளில் இவ்விவரங்கள் அடங்கலில் எழுதப்பட்டுக் கிராமக் கணக்குக் கட்டில் இருந்தன. வேண்டியவர் மனுக் கொடுத்து, உத்தரவு பெற்று, நகல் வாங்கினர். இக்காலத்தில் அதே விவரங்கள் உத்தியோகஸ்தர் கைபேசியில் இருக்கின்றன. 2022ஆம் வருஷம் முதல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். எனவே ஒரு கிராமத்துக் குடியானவர் அனைவரின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நில அளவு ஆகியவை ஒரே விரல் அழுத்தத்தில் ஆயிரம் பேர் கைக்குப் போய்விடக் கூடும். போனது திரும்பாது.

இதனைத் தடுக்கும் பொருட்டு, ஆராய்ச்சிக்கும் திட்டமிடுதலுக்கும் அனுப்பும் பட்டியல்களில் ஆளை அடையாளம் காட்டுவனவற்றை நீக்கிவிட்டு, மேலதிகாரியின் உத்தரவு பெற்றே வெளியே விடுவது நன்முறையாகும். அவ்வுத்தரவும் இந்நாளிற் கைபேசிக் குழுவிலேயே கேட்கப்படுகிறது, குழுவிலேயே கொடுக்கப்படுகிறது. இம்முறையின் அனுகூல பிரதிகூலங்களும், அதனைப் பிழையின்றி நடத்தும் வகையும் இங்கே விவரிக்கப்படும்.

பட்டியல் இருவகை

முதலில் ஒரு பேதத்தை மனத்திற் கொள்ளவேண்டும். பெயரோடு கூடிய பட்டியல் வேறு. பெயர் நீக்கிய பட்டியல் வேறு. இரண்டும் அவசியமே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளிற் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரை ஊர்கள் நீரில் மூழ்கின, சாலைகள் அறுபட்டன. அத்தகைய சமயத்தில் நிவாரணம் கொடுக்க வேண்டுமாயின் இன்னார், இன்ன ஊர், இன்ன கணக்கு என்று தெரிந்தாக வேண்டும். அப்பட்டியலிற் பெயரை நீக்குவது காரியத்தையே கெடுக்கும். அது உரிய அதிகாரி ஒருவருக்கு நேரே செல்லவேண்டியது, குழுவிற் போடத்தக்கதன்று.

மற்றொரு வகையைப் பார்ப்போம். படைப்புழு 2018ஆம் வருஷம் மே மாதத்திற் கர்நாடகத்துச் சிவமொக்காவில் முதன்முதலாகக் காணப்பட்டு, அவ்வருஷமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. அதன் பரவலை ஆராய விரும்பும் கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியாருக்கோ, 1901 முதல் நடந்துவரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தாருக்கோ குடியானவரின் பெயரால் ஆகும் பயன் யாதொன்றுமில்லை. எந்தப் பிர்கா, எந்த வாரம் விதைத்தது, நூற்றுக்கு எத்தனை செடி சேதம் என்பவையே அவர்களுக்கு வேண்டுவன. வேண்டாததை அனுப்புவதால் உதவி மிகுவதில்லை, அபாயமே மிகும்.

அபாயம் யாதெனில், நஷ்டப்பட்டவர் பட்டியலும் கைபேசி எண்ணும் பிறர் கைக்குப் போனால், “உமக்கு நஷ்ட ஈடு சாங்ஷன் ஆகிவிட்டது, வந்திருக்கும் ரகசிய எண்ணைச் சொல்லும்” என்று மோசக்காரர் அழைப்பதற்கு வழி பிறக்கும். விளைவு குறைந்தவர் யார், கடன் மிகுந்தவர் யார் என்று தரகர் அறிந்தால் விலை பேசும்போது அவர் கை ஓங்கும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தம் விவரம் ஊர்ப்பேச்சாகிறதென்று கண்ட குடியானவர் அடுத்த பருவத்தில் உண்மையைச் சொல்லார். பொய்க் கணக்கின்மேல் எழும் திட்டம் மணல்மேல் எழுப்பிய வரப்பாகும்.

பெயரை நீக்கினாற் போதுமோ?

போதாது. பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே. பெயரையும் ஆதார் எண்ணையும் அழித்துவிட்டுப் புல எண்ணை விட்டுவைப்பர். தமிழ்நாட்டு அரசின் இணையவழிச் சேவைப் பக்கத்தில் ஜில்லா, தாலுகா, கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். பட்டாதாரர் பெயர் அங்கே இருக்கும். ஆகவே புல எண் உள்ள பட்டியல் பெயருள்ள பட்டியலேயாம். பட்டா எண்ணும் அத்தகையதே.

புல எண்ணையும் நீக்கினாலும் ஆள் தெரியக் கூடும். ஒரு கிராமத்தில் எல்லாரும் மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்திருக்க, ஒருவர் மட்டும் முருங்கைத் தோப்பு வைத்திருப்பாராயின், “முருங்கை, 11 ஏக்கர்” என்ற வரி அவர் பெயரை எழுதியதற்குச் சமானம். ஊராருக்கு அது ஒரு நொடியில் விளங்கும்.

இதற்கு அயல்நாட்டு அனுபவமும் சாட்சி. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சர்க்கார் ஊழியரின் வைத்தியக் குறிப்புகள் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டன. லடானியா ஸ்வீனி என்னும் அம்மையார் 1990களில் அதனை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அம்மாகாணத்துக் கவர்னரின் குறிப்பையே பிரித்தெடுத்துக் காட்டினார். பிறந்த தேதி, பால், ஐந்து இலக்கத் தபால் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்நாட்டில் 100க்கு 87 பேரைத் தனித்தனியே அடையாளம் காணலாமென்று 2000ஆம் வருஷத்தில் அவர் கணக்கிட்டார். ஒரு பட்டியல் தனியே இருக்கையில் ஊமையாகத் தோன்றினாலும், வேறொரு பட்டியலோடு சேர்ந்தால் வாய் திறந்து பேசும் என்பது இதனால் விளங்கும்.

நீக்கும் வகை

பெயர் நீக்கும் வேலையைக் கீழ்க்கண்ட வரிசையிற் செய்வது சௌகரியம்.

1. நேரே ஆளைக் காட்டுபவற்றை அறவே நீக்குக. பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண், விவசாயி அடையாள எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பட்டா எண், புல எண் ஆகியவை இவ்வகை. கணினித் தாளில் ஒரு பத்தியை ‘மறைத்தல்’ நீக்குதல் ஆகாது. பெறுபவர் ஒரு சொடுக்கில் அதனைத் திறந்துவிடுவர். வேண்டிய பத்திகளை மட்டும் புதிய தாளிற் பதிவது நன்று. எழுத்தின்மேற் கறுப்புப் பட்டை இழுப்பதும் பல சமயங்களில் வீண்; அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும்.

2. பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் குறியெண் கொடுக்கலாம். அக்குறியெண் வரிசையின்றி எடுத்ததாக இருக்கவேண்டும். கைபேசி எண்ணையே ஒரு சூத்திரத்தால் மாற்றிக் குறியாக்குவது காவலாகாது. நியூயார்க் நகரத்து வாடகைக் கார்களின் 2013ஆம் வருஷத்துப் பயணக் கணக்கு 2014இல் வெளியிடப்பட்டபோது, வண்டி எண்களை அவ்வாறே மாற்றியிருந்தனர். எண்களின் அமைப்புத் தெரிந்ததாகையால் எல்லா எண்களையும் அதே சூத்திரத்தில் இட்டுப் பார்த்து விரைவில் அவிழ்த்துவிட்டனர். குறியெண்ணுக்கும் பெயருக்கும் உரிய ஒப்பீட்டுப் புத்தகம் ஆபீசில் ஒருவர் பொறுப்பிற் பூட்டி வைக்கப்படவேண்டும். பட்டியலோடு சேர்ந்து ஒருபோதும் பிரயாணம் செய்யலாகாது.

3. நுட்பமான விவரங்களைப் பரும்படியாக்குக. “2.37 ஏக்கர்” என்பதை “குறு விவசாயி” என்க (1 ஹெக்டேர் வரை குறு, அதற்குமேல் 2 ஹெக்டேர் வரை சிறு). விதைத்த தேதியை வாரமாக்குக. கிராமத்திற்குப் பதிலாகப் பிர்காவைக் குறிக்கலாம். செயற்கைக்கோள் இடக்குறிப்பு நான்கு தசம ஸ்தானத்தோடு இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். அது வயலின் வாசலுக்கே வழி சொல்வதாகும். இரண்டு ஸ்தானமாகக் குறைத்தால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் அளவாகும். வயற் படங்களுக்குள்ளும் இவ்விடக்குறிப்பு மறைந்திருக்கும். ஆதலால் அதனை நீக்கியே படத்தை அனுப்புக.

4. சிறு தொகுதியை விடாதே. ஒரே பிர்கா, ஒரே பயிர், ஒரே நில வகுப்பு உடையவர் ஐவருக்குக் குறைந்தால் அவர்களைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்க்கவேண்டும். ஐந்து என்பது கைக்கணக்கிற்குச் சொல்லும் அளவு. நோய், கடன், சாதி முதலிய கூச்சமான விவரம் இருந்தால் பத்தாக்குதல் நலம். ஒரு தொகுதியிலுள்ளார் அனைவருக்கும் விடை ஒன்றேயாயினும் எச்சரிக்கை வேண்டும். ஆறு பேரும் கடன் தவணை தவறியவரென்று பட்டியல் சொல்லுமாயின், அவ்வறுவரில் யாருடைய ரகசியமும் காக்கப்படவில்லை.

5. கழித்தற் கணக்கிற் காட்டிக் கொடாதே. ஒரு பிர்காவில் மக்காச்சோளம் செய்தவர் மொத்தம் 46. நான்கு கிராமங்களில் முறையே 20, 13, 11, 2 என்று கொள்வோம். 2 என்பதை மட்டும் மறைத்து மொத்தத்தைக் காட்டினால், 46இல் 44 போக 2 என்று எவரும் அறிவர். கடைசி இரு கிராமங்களையும் சேர்த்து 13 என்று காட்டுவதே முறை.

குழுவில் உத்தரவு பெறுவதிலுள்ள குறைகள்

கைபேசிக் குழுவின் அனுகூலம் மறுக்கத்தக்கதன்று. விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குக் காகிதம் போய்த் திரும்ப ஒரு நாளாகலாம். குழுவில் அரை நாழிகையில் விடை வரும். விதைப்புக் காலத்தில் அந்த ஒரு நாளும் பெரிது. ஆயினும் அம்முறையில் ஐந்து குறைகள் உள.

முதலாவது, உத்தரவு கேட்பதற்கென்று மூலப் பட்டியலையே குழுவில் இடுதல். “இதிற் பெயரை நீக்கி அனுப்பலாமா?” என்று கேட்டுப் பெயருள்ள தாளையே இணைத்துவிடுவர். நீக்குவதற்கு அனுமதி வருமுன்னரே நீக்கவேண்டியது நூறு கைபேசிகளில் இறங்கிவிடுகிறது. கோழிக்கூண்டின் பூட்டைப் பரீட்சிக்க நரியை அழைத்ததற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, உத்தரவு எந்தப் படிக்கு என்று தெரியாமை. காலையில் ஒரு தாள், பிற்பகலில் திருத்திய தாள், மாலையிற் கட்டைவிரல் அடையாளம் ஒன்று. அவ்வடையாளம் “பார்த்தேன்” என்பதா, “அனுப்பலாம்” என்பதா, எந்தத் தாளுக்கு என்பதா, ஒன்றும் விளங்காது.

மூன்றாவது, கேட்பவரே கொடுப்பவராதல். பட்டியல் தயாரித்தவரே “சரி” என்று தாமே விடை எழுதி அனுப்பிவிடுவதுண்டு. தம் பிழை தம் கண்ணுக்குப் படாது. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், ஒவ்வொரு தோணியின் சிப்பியையும் குளியாளர் மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் அவர் பங்கு எதுவென்பதைச் சர்க்கார் ஆள் சுட்டிக் காட்டுவார். பிரித்தவருக்குத் தம் குவியல் எதுவென்று முன்னே தெரியாதாகையால் பங்கு நேராக இருந்தது. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. ஆயினும் பிரிப்பவர் வேறு, குறிப்பவர் வேறு என்னும் அந்நியாயம் பட்டியலுக்கும் பொருந்தும்.

நான்காவது, குழுவில் யார் இருக்கிறாரென்று அறியாமை. மாற்றலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், உரக்கடைக்காரர் எனப் பலர் பழைய குழுவில் நீடிப்பர். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் வழியில் எவரும் படிக்கவொண்ணாதபடி பூட்டப்பட்டே செல்லுகின்றன. அப்பூட்டு வழிப்பறிக்குக் காவல், குழுவினுள் இருப்பவருக்குக் காவலன்று.

ஐந்தாவது, செய்தி நிலையற்றது. அனுப்பியவர் 15 நிமிஷத்திற்குள் தம் வாசகத்தைத் திருத்தலாம். ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் எல்லார் கைபேசியிலிருந்தும் அழிக்கலாம். கைபேசி மாறினால் பழைய செய்தி போய்விடும். ஆறு மாதம் கழித்துத் தணிக்கை வந்தால் உத்தரவைக் காட்ட வழியிராது.

விதை அட்டை போன்ற உத்தரவு

இக்குறைகளுக்குப் பரிகாரம் யாதென்பதை விதை வாங்கும் எந்தக் குடியானவரும் எளிதில் உணர்வர். சான்று விதை மூட்டையில் நீல நிற அட்டை கட்டியிருக்கும். அவ்வட்டை பொதுவாக “இந்த வியாபாரி நல்லவர்” என்று சொல்வதன்று. குறித்த குவியல் எண்ணுக்கு, குறித்த பரிசோதனைக்கு, குறித்த காலத்திற்கு மட்டும் அது சான்று. முதற் சான்று பரிசோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். மூட்டையை அவிழ்த்து வேறு விதையைக் கலந்தால் அட்டை இருந்தும் பயனில்லை.

பட்டியலுக்குக் கொடுக்கும் உத்தரவும் இவ்வாறே இருத்தல் வேண்டும். இன்ன எண்ணுள்ள பட்டியல், இன்ன படி, இன்னாருக்கு, இன்ன காரியத்திற்கு, இன்ன தேதி வரை. ஒரு பத்தி கூடினாலும் உத்தரவு போயிற்று, புதிதாகக் கேட்கவேண்டும்.

குழுவை நடத்துவதற்கு இதிலிருந்து பிறக்கும் பிரதான விதி ஒன்றே: கேள்வியும் விடையும் குழுவிற் செல்லலாம், பட்டியல் குழுவிற் செல்லலாகாது. பட்டியல் ஆபீஸ் கணினியிலேயே இருக்கட்டும். உத்தரவு கொடுப்பவர் அதை அங்கேயே திறந்து பார்க்கட்டும். குழுவிற் போவது பட்டியலைப் பற்றிய விவரம் மட்டுமே.

இதற்கெனத் தனிக் குழு ஒன்று அமைத்து, பட்டியல் தயாரிப்பவர், உத்தரவு கொடுப்பவர், அவர் இல்லாத நாளிற் கொடுப்பவர் ஆகியோரை மட்டும் சேர்ப்பது உசிதம். சர்க்கார் உபயோகத்திற்கெனத் தேசியத் தகவலியல் மையத்தார் ஏற்படுத்திய ‘சந்தேஷ்’ என்னும் செயலியும் உண்டு. எதைக் கையாண்டாலும் முறை ஒன்றே.

கேட்கும் மாதிரி

“பட்டியல் எண் 7, படி 2. விஷயம்: மக்காச்சோளத்திற் படைப்புழுச் சேதம். பெறுபவர்: விவசாயக் கல்லூரி. காரியம்: பரவலை ஆராய்தல் மட்டும். பத்திகள் 5: குறியெண், பிர்கா, நில வகுப்பு, விதைத்த வாரம், சேத விகிதம். வரிகள் 212. நீக்கியவை: பெயர், தகப்பனார் பெயர், ஆதார், கைபேசி, வங்கிக் கணக்கு, விவசாயி எண், பட்டா, புல எண், இடக்குறிப்பு. மிகச் சிறு தொகுதி: 6 பேர். கோரும் காலம்: இம்மாதம் 30ந் தேதி வரை.”

விடை மாதிரி

“பட்டியல் 7, படி 2, வரிகள் 212, பத்திகள் 5 ஆகியவற்றை ஆபீஸ் கணினியிற் பார்த்தேன். அனுப்பலாம். 30ந் தேதி வரை. பிறருக்குக் கொடுக்கலாகாதென்று பெறுபவரிடம் எழுத்தில் வாங்குக.”

மறுப்பதாயின்: “பட்டியல் 7, படி 2: அனுப்பலாகாது. காரணம்: விதைத்த நாள் தேதியாக உள்ளது. வாரமாக மாற்றி, படி 3 என எண்ணிட்டுக் கேட்க.”

வரி எண்ணிக்கையும் பத்தி எண்ணிக்கையும் விடையில் மீண்டும் எழுதப்படுவதைக் கவனிக்க. அனுப்பும் வேளையில் தாளில் 212 வரிக்குப் பதில் 213 இருந்தால், அது உத்தரவு பெற்ற தாளன்று என்று உடனே தெரியும். கட்டைவிரல் அடையாளம், “ஓகே”, கைகூப்பும் படம் ஆகியவை உத்தரவாகா. விடை வாராமையும் உத்தரவாகாது. மௌனம் சம்மதம் என்னும் வழக்கு இங்கே செல்லாது. ஒரு நாளில் விடை வாராவிடில் அடுத்த அதிகாரிக்குக் கேள்வி செல்ல ஏற்பாடு இருக்கவேண்டும். இல்லையேல் அவசரத்தின் பெயரால் உத்தரவின்றியே பட்டியல் போய்விடும்.

விடை வந்த அன்றே அதனை ஆபீஸ் புத்தகத்தில் ஏற்றவேண்டும்: வரிசை எண், தேதி, பட்டியல் எண், படி, கேட்டவர், கொடுத்தவர், பெற்றவர், காலம், அனுப்பிய தேதி என ஒன்பது கட்டங்கள் போதும். கைபேசி தொலைந்தாலும் புத்தகம் இருக்கும்.

தவறு நேர்ந்தால்

எத்துணை ஜாக்கிரதையாயினும் ஒருநாள் பெயருள்ள தாள் குழுவிற் போய்விடக் கூடும். அப்போது வெட்கத்தால் மறைத்தல் பெருந்தவறு. உடனே ‘எல்லாருக்கும் அழி’ என்பதை அழுத்துக. ஆயினும் அதற்குள் இறக்கி வைத்தவர் கைபேசியில் தாள் இருக்குமாகையால், குழுவினரைத் தம் கைபேசிச் சேமிப்பிலிருந்தும் அழிக்கச் சொல்லுக. மேலதிகாரிக்கு அன்றே எழுத்தில் அறிவிக்க. வங்கிக் கணக்கோ ஆதாரோ வெளிப்பட்டிருந்தால் உரிய குடியானவருக்குச் சொல்லி, ரகசிய எண் கேட்கும் அழைப்புக்கு இணங்காதிருக்க எச்சரிக்க. பிழையைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்லார் என்பதை மேலதிகாரிகளும் நினைவில் வைக்கவேண்டும்.

சட்டம் சொல்வது

இது வெறும் நல்லொழுக்கம் மட்டுமன்று. 1948ஆம் வருஷத்து ஜனக்கணக்குச் சட்டத்திலேயே, கணக்கெடுப்பவர் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லையென்று விதிக்கப்பட்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடலாகாதென்று 2016ஆம் வருஷத்து ஆதார் சட்டம் 29ஆம் பிரிவு கூறுகிறது. 2017 ஆகஸ்ட் 24இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஆளை அடையாளம் காணக்கூடிய எந்த விவரத்தையும் தனிநபர் தரவென்று கொள்கிறது. அதற்குத் தக்க காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகளிற் பெரும்பாலானவை 18 மாதத் தவணைக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன. “அடையாளம் காணக்கூடிய” என்னும் சொற்களே இங்கே முக்கியம். பெயர் இல்லாவிடினும் ஆள் தெரிந்தால் அது தனிநபர் தரவே.

ஓர் ஆட்சேபம்

“பட்டியலை மறைத்தால் மோசடியும் மறைந்துவிடாதோ? மானியம் யாருக்குப் போயிற்றென்று ஊரார் அறிவதெங்ஙனம்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. மானியம் பெற்றவர் விவரங்களைத் தாமே வெளியிடவேண்டுமென்று 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவு சொல்கிறது. நிலமே இல்லாதவர் பெயரில் நஷ்ட ஈடு எழுதப்பட்டால், அதைக் கண்டுபிடிப்பது கிராம சபையில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலே.

இதற்கு விடை, காரியத்திற்கேற்ற பட்டியல் என்பதே. ஊர்த் தணிக்கைக்குரிய பட்டியலிற் பெயரும் தொகையும் இருக்கட்டும். ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் வேண்டா. ஆராய்ச்சிக்குரிய பட்டியலிற் பயிரும் சேதமும் இருக்கட்டும்; பெயர் வேண்டா. இரண்டையும் ஒட்டி ஒரே தாளாக்குவதுதான் கூடாதது. பெயர் நீக்குதல் ஒளிப்பதற்கு ஏற்பட்ட உபாயமன்று. ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவே காட்டுவதற்கு ஏற்பட்டது.

நிலமுடையார் செய்யத்தக்கவை

உத்தியோகஸ்தர் மட்டும் ஜாக்கிரதையாயிருந்தாற் போதாது. பல இடங்களிற் குடியானவரே ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம்பிடித்து ஊர்க் குழுவிற் போட்டுவிடுகின்றனர். அவ்வாறு செய்யலாகாது. கேட்ட அதிகாரிக்குத் தனியே அனுப்புக. அல்லது நேரிற் காட்டுக. அடையாளத்திற்கு மட்டும் கேட்கப்படுமிடத்துக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார்ப் படி போதுமாவென்று விசாரிக்க.

2024 செப்டம்பர் 2இல் மத்திய சர்க்கார் டிஜிட்டல் விவசாய இயக்கத்திற்கு 2,817 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. அதன்படி விவசாயிக்குத் தனி அடையாள எண்ணும், வயலில் எண்முறைப் பயிர்க் கணக்கும் ஏற்பட்டு வருகின்றன. ஓர் எண்ணில் நிலம், பயிர், கடன் யாவும் கோக்கப்படும்போது அவ்வெண்ணைக் காப்பதும் வீட்டுப் பத்திரத்தைக் காப்பதும் ஒன்றே. ஆகையால் கணக்கெடுக்க வருவோரிடம் மூன்று கேள்வி கேட்க எவரும் தயங்கவேண்டா: இது எதற்கு? யாரிடம் போகும்? என் பெயரோடு போகுமா, பெயரின்றியா? நல்ல உத்தியோகஸ்தர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்தே விடை சொல்வர்.

சுருக்கம்

மூலப் பட்டியலைக் குழுவில் இடாதே. பெயரோடு புல எண்ணையும் நீக்குக. ஐவருக்குக் குறைந்த தொகுதியைச் சேர்த்துக் காட்டுக. தயாரித்தவர் தாமே உத்தரவு கொடுக்கலாகாது. உத்தரவிற் பட்டியல் எண், படி, வரி, பத்தி, பெறுபவர், காலம் ஆகியவை இருக்கவேண்டும். அன்றே புத்தகத்தில் ஏற்றுக.

இவ்வாறு விதிகளும் கைபேசி ஒன்றும் புத்தகம் ஒன்றும் இருந்தால் எந்தப் பிர்கா ஆபீசிலும் இம்முறையை நாளையே தொடங்கலாம், செலவு யாதுமில்லை. குடியானவர் தம் விளைவையும் நஷ்டத்தையும் உள்ளது உள்ளபடி சொல்வது உத்தியோகஸ்தர்மேல் வைத்த நம்பிக்கையால். அந்நம்பிக்கையைக் காப்பவர்க்கே அடுத்த பருவத்திலும் உண்மைக் கணக்குக் கிடைக்கும்.